மின்கம்பத்துக்குக் கண்ணாடிக் கை

மின்கம்பத்தின் உச்சியில் குறுக்காக ஒரு சட்டம் பொருத்தப்பட்டிருக்கும். அதன் மேல் கிண்ணங்களை அடுக்கியதுபோல் காவலிகள் இருக்கும். அவற்றைப் பற்றியபடியே மின்கம்பிகள் செல்லும். நாம் பெரிதாகக் கவனிக்காத இந்தக் குறுக்குச் சட்டத்துக்கு இரண்டு பொறுப்புகள் உண்டு. கம்பிகளின் பாரத்தையும் காற்றின் உலுப்பலையும் தாங்க வேண்டும் என்பது ஒன்று. கம்பிகளை ஒன்றிலிருந்து ஒன்றும், கம்பத்திலிருந்தும் விலக்கிப் பிடிக்க வேண்டும் என்பது மற்றையது.

நம் வீதிகளில் இரும்புச் சட்டங்களைக் காண்கிறோம். இரும்பு பாரத்தைத் தாங்கும். ஆனால் அது மின்னைக் கடத்தும். எனவே மின்னைத் தடுக்கும் வேலை முழுவதும் காவலிகளின் தலையிலேயே விழுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் நெடுங்காலமாக மரக்கம்பமும் மரச்சட்டமுமே வழக்கம். டக்ளஸ் பர் எனும் ஊசியிலை மரத்தை 8 அல்லது 10 அடி நீளத்தில் அறுத்துப் பயன்படுத்தினர். மரம் மலிவானது, வலியது. உலர்ந்திருக்கும்போது மின்னை எளிதில் கடத்தாது.

சிக்கல் அந்த 'உலர்ந்திருக்கும்போது' என்ற சொல்லில்தான் இருக்கிறது. மழையில்லாத மாதங்களில் தூசும் கடலுப்பும் காவலிகளின் மேல் படிகின்றன. பெருமழை பெய்தால் அவை கழுவப்பட்டுவிடும். ஆனால் மூடுபனியோ சிறு தூறலோ வந்தால் அந்தப் படிவு நனைந்து, மின்னுக்கு வழிவிடும். அவ்வாறு கசியும் மின்னோட்டம் ஈரமான மரத்தின் வழியே இறங்கி, ஆணி அடித்த இடத்திலோ நனையாத ஒரு மறைவிலோ குவிகிறது. அங்கே சிறு பொறிகள் எழுகின்றன. மரம் மெல்லக் கருகி, ஈற்றில் கம்பத்தின் உச்சியே தீப்பற்றும். கலிபோர்னியா போன்ற வறண்ட பிரதேசங்களில் நீண்ட கோடைக்குப் பின் வரும் முதல் தூறல், மின்பணியாளர்களுக்கு மகிழ்ச்சியைத் தருவதில்லை.

மரத்துக்கு மற்றொரு பகை, பூஞ்சணம். வெளியே நன்றாகத் தோன்றும் சட்டம் உள்ளே உக்கிப் போயிருக்கலாம். இதைத் தடுக்க பென்ராகுளோரோபீனோல் என்ற நச்சுப் பொருளை மரத்தில் ஊட்டினர். அது மண்ணையும் நீரையும் மாசுபடுத்துவதால், 2015இல் ஸ்டொக்ஹோம் சமவாயம் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அப்போதும் மின்கம்பங்களுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் மட்டும் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. மாற்று வழி அவ்வளவு இலகுவாகக் கிடைக்கவில்லை என்பதையே இது காட்டுகிறது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அதைப் படிப்படியாக நிறுத்தும் முடிவை 2022இல் எடுத்தது.

மரத்துக்கு மாற்றாக வந்தவற்றுள் ஒன்று கண்ணாடியிழை. கண்ணாடி உடையுமே என்று எண்ணத் தோன்றும். கண்ணாடி உடைவதற்குக் காரணம் அதிலுள்ள நுண்ணிய கீறல்கள். நூலாக இழுக்க இழுக்கக் கண்ணாடி வலிமை பெறுவதை ஆங்கிலேயப் பொறியியலாளர் கிரிபித் 1921இல் எடுத்துக்காட்டினார். மிக மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமேது? இந்த இழைகளைப் பிசினில் தோய்த்து இறுக்கினால், இழை இழுவையைத் தாங்கும்; பிசின் இழைகளை வளையவிடாது சேர்த்துப் பிடிக்கும். நமது கடற்கரைகளில் காணும் பைபர் படகுகளும் இதே கூட்டுப்பொருளால் ஆனவையே. இவ்வகையில் அதிகம் பயன்படும் கண்ணாடிக்கு 'ஈ கண்ணாடி' என்று பெயர். அந்த 'ஈ', மின்சாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. மின்காவலுக்கென்றே முதலில் உருவானது அது.

சட்டம் செய்யும் முறையும் சுவையானது. இடியப்ப உரலில் மாவை மேலிருந்து அழுத்துகிறோம். இங்கே அதற்கு மாறாக முன்னாலிருந்து இழுக்கிறார்கள். நூற்றுக்கணக்கான உருளைகளிலிருந்து வரும் இழைகள் பிசினில் நனைந்து, சூடான அச்சினுள் நுழைகின்றன. அச்சைக் கடக்கும்போதே பிசின் இறுகி, மறுபுறம் நீண்ட பெட்டி வடிவச் சட்டமாக வெளிவருகிறது. வேண்டிய நீளத்துக்கு வெட்டி, உள்ளே நீர் தேங்காதபடி நுரைப்பொருளை நிரப்பி, முனைகளை மூடுகின்றனர். இவ்வாறு ஆன சட்டம் உக்குவதில்லை; கறையானுக்கும் இரையாவதில்லை. மரம்போல நீரை உறிஞ்சாததால் மின்கசிவும் குறைகிறது. பாரம் குறைவு என்பதால், உயரத்தில் நின்று வேலை செய்யும் பணியாளருக்கும் சிரமம் குறைகிறது.

குறைகளும் இல்லாமலில்லை. வாங்கும்போது விலை மரத்தைவிட அதிகம். இழைகள் நீளவாக்கில் ஓடுவதால் வலிமையும் அத்திசையிலேயே மிகுதி. ஆகவே ஆணித்துளைகளைச் சுற்றித் தனியாகப் பலப்படுத்த வேண்டும். வெயிலின் கழியூதாக் கதிர்கள் பிசினை அரித்தால், இழைகள் மயிர்போல் வெளியே நீட்டத் தொடங்கும். அதனால்தான் மேற்பரப்பில் காப்புப்பூச்சு இடுகின்றனர். பயன்பாடு முடிந்தபின் இதை உருக்கி மீண்டும் வார்ப்பதும் எளிதன்று.

ஆகவே பொருளை மாற்றியதும் கவலை தீர்ந்தது என்று கொள்ள முடியாது. 2018 நவம்பர் 8ஆம் திகதி கலிபோர்னியாவின் பரடைஸ் நகரை எரித்து 85 உயிர்களைப் பலிகொண்ட காட்டுத்தீ, உயரழுத்த மின்கோபுரம் ஒன்றில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் தொங்கித் தேய்ந்த ஒரு கொக்கி முறிந்ததில் தொடங்கியது. அந்தக் கொக்கி மரமல்ல, உருக்கு. உக்காத பொருளும் தேயும். மரச்சட்டத்தைத் தட்டிப் பார்த்துச் சோதித்த மின்பணியாளர், கண்ணாடியிழைச் சட்டத்தின் வெளிறலையும் ஆணித்துளை ஓரத்து வெடிப்பையும் தேடிப் பார்க்கப் பழக வேண்டும். ஏற வேண்டிய கம்பம் அதேதான். பார்க்க வேண்டிய அடையாளங்களே மாறியுள்ளன.