எரிமலையற்ற மண்ணில் வெந்நீர் ஊற்றுகள்

நம் ஆயர் ஈத்தாமின் பெயரிலுள்ள ‘ஆயர்’ ஆநிரை மேய்ப்போரைக் குறிப்பதன்று. மலாய்மொழியில் நீரைச் சுட்டும் சொல்லின் பழைய எழுத்துவடிவம் அது. ‘ஈத்தாம்’ என்பது கருமை. இதே சொல் லங்காவியில் ஆயர் ஹாங்காட் என்றும், கோலாலம்பூரின் செத்தாப்பாக்கில் ஆயர் பானாஸ் என்றும் வேறு அடைகளை ஏற்கிறது. ஹாங்காட் என்பது மிதமான சூடு. பானாஸ் என்பது மிகுந்த சூடு. அவ்விடங்களில் வெந்நீர் ஊறியமையை ஊர்ப்பெயர்களே பதிந்துவைத்துள்ளன. தமிழில் வெம்மையும் நீரும் புணர்ந்து வெந்நீராயிற்று. பேச்சிலோ ‘சுடுதண்ணி’ என்கிறோம். தண்ணீர் என்றாலே குளிர்ந்த நீர்தான். எனினும் வழக்கு வென்றுவிட்டது.

பேராக் மாநிலத்துச் சுங்கை கிளாவில், கொதிக்கும் ஊற்றில் மக்கள் முட்டை வேகவைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, “ஐயா, எரிமலை எங்கே இருக்கிறது?” என்று என்னைக் கேட்டாள். மொழியியலைத் தவிர வேறொன்றும் கல்லாத எனக்கு அன்று விடை தெரியவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

வெந்நீர் ஊற்றென்றால் எரிமலை என்னும் எண்ணம் ஐசுலாந்தையும் அமெரிக்காவின் யெல்லோசுட்டோனையும் பார்த்து எழுந்தது. அங்கெல்லாம் பாறைக்குழம்பு நிலத்தடியில் சில கிலோமீட்டர் ஆழத்திலேயே கிடக்கிறது. 1846இல் ஐசுலாந்து சென்ற செருமானிய வேதியியலார் இராபர்ட் புன்சன், கெய்சிர் என்னும் பீறிடும் ஊற்றின் குழாய்க்குள் வெப்பமானியை இறக்கி அளந்தார். ஆழத்தில் நீர் 100 பாகையைக் கடந்தும் கொதிக்காதிருந்தது. மேலுள்ள நீரின் அழுத்தமே அதனை அடக்கிவைத்திருந்தது. அந்நீர் சற்று மேலெழுந்து அழுத்தம் குறைந்ததும் சட்டென ஆவியாகிப் பீறிடும் என்பது அவர் தந்த விளக்கம்.

தீபகற்ப மலேசியாவில் உயிர்ப்புள்ள எரிமலை இல்லை. இங்குள்ள நடுமலைத்தொடர் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்த கிரானைட் பாறை. அன்றைய சூடு எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் ஆழஞ்செல்லச் செல்ல, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை வெப்பம் கூடுவது உலகெங்கும் பொது. கிரானைட்டிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை கதிர்வீச்சால் சிதைந்து மேலும் வெப்பம் ஊட்டுகின்றன. மழைநீர் பாறைப்பிளவுகள் வழியே கீழிறங்கிச் சூடேறி, வேறு பிளவு வழியே விரைந்து மேலேறினால் அதுவே வெந்நீர் ஊற்று.

இதனை எவ்வாறு அறிகிறார்கள்? நீரையே கேட்டு அறிகிறார்கள். சூடான தேநீரில் சர்க்கரை மிகுதியாகக் கரைவதுபோல, சூடான நீரில் பாறையின் சிலிக்கா மிகுதியாகக் கரைகிறது. நீர் ஆறினாலும் அது உடனே படிந்துவிடுவதில்லை. ஆகவே மேலே கிடைக்கும் நீரில் சிலிக்காவை அளந்தால், ஆழத்தில் அது எவ்வளவு சூட்டில் இருந்தது என்று கணிக்கலாம். நீரின் பிறப்பிடத்தை ஐதரசன், ஆக்சிசன் ஆகியவற்றின் கன ஐசோடோப்புகள் காட்டும். 1961இல் ஆர்மன் கிரெய்க், உலகின் மழைநீர்களில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் அமைவதைக் காட்டினார். அக்கோட்டின்மேல் விழும் ஊற்றுநீர் மழையின் வழித்தோன்றல். நீர் கடுஞ்சூட்டில் பாறையோடு நெடுநாள் உறவாடியிருந்தால் ஆக்சிசன் மட்டும் கோட்டைவிட்டு விலகும். ஐதரசன் பெரும்பாலும் மாறாது.

எரிமலையா அன்றா என்னும் வழக்கில் வலுவான சான்று ஈலியம். புவியின் ஆழ்பகுதியிலிருந்து வருவதில் ஈலியம்-3இன் பங்கு உயர்ந்திருக்கும். கிரானைட்டின் கதிர்ச்சிதைவில் பிறப்பதோ ஈலியம்-4.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. வெப்பம் அருகிலுள்ளதா தொலைவிலுள்ளதா என்பதைப் பொறுத்தே துளையிடும் ஆழமும் செலவும் அமையும். சபாவின் தாவாவ் பகுதியில் பழைய எரிமலைப் பாறைகள் உள்ளன. அதனால்தான் நிலவெப்ப மின்நிலையத் திட்டம் முதலில் அங்கே, அப்பாஸ் கிரியில், எழுந்தது. அதுவும் நிறைவேறவில்லை.

தமிழர் நன்கறிந்த ஊற்று திருகோணமலைக் கன்னியா. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்ய உண்டாக்கியது என்பது வழிவழிக் கதை. அங்கும் எரிமலை இல்லை. அடியிலிருப்பவை மிகப் பழைய உருமாறிய பாறைகள். அருகருகே உள்ள ஏழு கிணறுகளும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. கீழிருந்து வரும் வெந்நீரோடு மேல்மட்டத்துக் குளிர்நீர் கலக்கும் அளவு கிணற்றுக்குக் கிணறு வேறுபட்டால் அவ்வாறு நேரும். ஏழிலும் ஒரே பொழுதில் வெப்பத்தையும் உப்பின் அளவையும் அளந்து, சூடு குறையும் கிணற்றில் உப்பும் குறைகிறதா என்று பார்க்கலாம். கோடையில் ஒருமுறையும் மாரியில் ஒருமுறையும் அளந்தால் கலப்பின் போக்கும் புலப்படும். அதற்கு ஒரு வெப்பமானியும், நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவியும் போதும்.