ஆபத்தில் கைகொடுக்கும் ஊர்க் கணக்கு

நாச்சியாபுரம் வட்டாரத்தில் கடல் இல்லை. மழையை நம்பிய கண்மாய்ப் பாசனமே உண்டு. கார்த்திகை அடைமழையில் கரை உடைந்தால் பயிர் மூழ்கும். மழை பொய்த்தால் கருகும். அவ்வேளையில் அரிசியும் பணமும் மட்டும் போதா. யாருக்கு என்ன தேவை, என்ன செய்யலாம் என்ற விவரமும் வேண்டும். இதை நாகப்பட்டினம் அனுபவம் தெளிவாக்குகிறது.

நாகையில் நடந்தது

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை தாக்கியபோது, தமிழ்நாட்டில் மிகுந்த உயிர்ச்சேதம் கண்ட மாவட்டம் நாகை. உதவ வந்த தொண்டு நிறுவனங்கள் ஏராளம். ஆனால் ஓர் ஊர் செய்தது மற்றோர் ஊருக்குத் தெரியவில்லை. பழைய துணிகள் கேட்பாரற்றுச் சாலையோரம் குவிந்தன. பின்னாளில் சில இடங்களில் இழந்ததைவிட அதிகமான படகுகள் வந்து சேர்ந்தன.

இக்குழப்பத்தைத் தீர்க்க, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ஸ்நேகா அமைப்பும் முன்வந்தன. மாவட்ட நிர்வாகத்தின் ஆதரவுடன் தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்று ஏற்பட்டது. எந்த ஊரில் என்ன குறை, எந்த நிறுவனம் எதைச் செய்கிறது என்ற விவரங்கள் அங்கே திரட்டப்பட்டன. வந்தவர்கள் அதைப் பார்த்து வேலையைப் பகிர்ந்துகொண்டனர்.

உப்பேறிய வயல்கள்

கடல்நீர் புகுந்த வயல்களிலும் அறிவுப் பகிர்வே கைகொடுத்தது. படிந்த சேற்றை வழித்தெடுத்தல், வரப்பு உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்தல், தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதல் ஆகிய முறைகள் பரப்பப்பட்டன. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வாரும் இப்பணியில் ஈடுபட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உவர் நிலத்தில் உப்பை நல்ல நீரால் கழுவி வடித்தாலே போதும். சோடியம் மிகுந்த களர் நிலத்துக்குத்தான் ஜிப்சம் தேவை. மண் பரிசோதனை செய்யாமல் பிறர் சொல் கேட்டு ஜிப்சம் இடுவது வீண் செலவு.

ஒலிபெருக்கி காத்த ஊர்

புதுவையைச் சேர்ந்த நல்லவாடு மீனவ ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையம் இருந்தது. பேரலைச் செய்தி சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்ததும், மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தனர். அன்றாடம் பயன்பட்ட கருவியாதலால்தான் அது ஆபத்திலும் உதவியது.

நாம் செய்ய வேண்டியது

ஒவ்வோர் ஊரிலும் ஒரு நோட்டு வைப்பது நல்லது. அதில் எழத வேண்டியவை: கண்மாய்க் கரையில் பலவீனமான இடங்கள், மடையின் நிலை, ஒவ்வொருவர் சாகுபடிப் பரப்பும் விதைத்த நாளும், கால்நடைகளின் எண்ணிக்கை, பம்புசெட்டும் டிராக்டரும் உள்ளவர் பெயர், தனித்து வாழும் முதியோர். குத்தகைக்குப் பயிரிடுவோரின் பெயரை விட்டுவிடக் கூடாது. நிவாரணத்தில் முதலில் மறக்கப்படுபவர்கள் அவர்களே.

நோட்டை ஆடியில் ஒரு முறையும், மழைக்கு முன் புரட்டாசியில் ஒரு முறையும் திருத்த வேண்டும். பிரதி ஒன்று கிராம நிர்வாக அலுவலரிடமும் இருக்கட்டும். ஆபத்து நேர்ந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழைக்கலாம். கரை உடைந்த பின் கணக்கெடுக்க நேரம் இராது. மழைக்கு முன் எழுதிய நோட்டே அன்று பேசும்.