ஆறும் உறங்குமோ?

சேலம் மாவட்டத்தில் ஏற்காட்டை அடுத்து, 5,000 அடிக்கு மேல் ஓங்கி நிற்பது சேர்வராயன் மலைமுடி. ஆங்குள்ள குகைக் கோயிலில் சேர்வராயனோடு காவேரியம்மனும் வழிபடப்பெறுகின்றாள். ஆற்றைப் பெண்ணாகப் போற்றுவது தமிழர்க்குப் புதிதன்று. எனினும், அம்மனை வணங்கியவரும் ஆழம் பார்த்தே ஆற்றில் இறங்குவர்.

ஆற்றை ஆளென்றே நம்பி அஞ்சியவர் அறுவரை வீரமாமுனிவர் (1680–1747) காட்டுகின்றார். இத்தாலியில் பிறந்து தமிழ் கற்ற அவர் இயற்றிய 'பரமார்த்த குருவின் கதை' 1822-இல் இலண்டனில் அச்சேறியது. குருவும் சீடர் ஐவரும் ஓர் ஆற்றங்கரையை அடைந்தனர். ஆறு பொல்லாதது, அஃது உறங்கும்பொழுதே கடத்தல் வேண்டும் என்றார் குரு. சீடன் ஒருவன் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்தான். 'சுர்' என்ற ஒலியும் புகையும் எழுந்தன. ஆறு விழித்துச் சீறுகின்றது என்று அலறி ஓடிவந்தான். பின்னர் அதே கட்டையைத் தோய்த்தபொழுது ஓசை இல்லை. உறங்கிவிட்டது என்று மகிழ்ந்தனர்.

அவர்கள் சோதித்துப் பாராதவர் அல்லர்! சூடு பட்ட நீர் ஆவியாகும் ஒலியைச் சினம் என்றனர். கட்டை அணைந்திருந்ததை மறந்து, ஆறு அடங்கிற்று என்றனர். அஃறிணைப் பொருளைக் கேட்பது போலவும் பேசுவது போலவும் கூற நன்னூல் இடம் தருகின்றது. மேகத்தைத் தூது விடும் புலவன் மறுமொழிக்காகத் திண்ணையில் காத்திருப்பதில்லை. அந்நூற்பாவின் 'போல' என்னும் சொல்லே சீடர் அறியாதது.

ஓசையின்றி அடிவைத்துக் கடந்தனர். கரையேறி எண்ணியவன் தன்னை விட்டு எண்ணினான். ஒருவனை விழுங்கிற்று என்று ஆற்றையே வைது அழுதனர்.