வானம் பார்த்த நிலமும் கொல்லிமலைச் சாமையும்

விளைபொருள் ஜகாத்தைப் பற்றிய பாடத்தில், மழையால் விளையும் நிலத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, இறைத்துப் பாய்ச்சும் நிலத்துக்கு இருபதில் ஒரு பங்கு என்னும் சட்டத்தை மாணவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம். இறைப்பவனுக்குச் செலவு அதிகம். ஆகவே கடமை பாதி என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் காட்டும் காரணம். அப்படியானால் மழையை நம்பியவனுக்குச் செலவே இல்லையா? விளையாத ஆண்டில் அவன்மீது கடமை இல்லை என்பது உண்மையே. ஆனால் விதைத்த வித்தும் உழுத உழைப்பும் அவன் கணக்கில்தானே போகின்றன? இக்கேள்விக்கு விடை தேட நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை நல்ல இடம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இம்மலையின் மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே ஊராட்சிகள் 'நாடு' என்றே பெயர் பெறுகின்றன, மொத்தம் 14. திண்ணனூர் நாடு அவற்றுள் ஒன்று. மலையாளிப் பழங்குடியினரே மக்களில் பெரும்பாலோர். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இம்மலைக்கு மழை தருகின்றன. ஆயினும் அடியில் பாறை, மேலே சரிவு. பெய்த நீரில் பெரும்பகுதி ஓடைகளில் இறங்கி, ஆகாயகங்கை அருவியைத் தரும் ஐயாறு போன்ற ஆறுகள் வழியே சமவெளிக்குப் போய்விடுகிறது. பள்ளத்தில் ஊற்றுநீர் தேங்கும் இடங்களில் நெல் விளைகிறது. மேட்டு நிலத்தானுக்கு மண்ணில் தங்கும் ஈரம்தான் சொத்து.

எனவே ஆண்டு முழுவதும் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதை மட்டும் பார்த்தால் நாம் ஏமாந்துபோவோம். விதைத்தபின் இருபது நாள் மழை இடைவிட்டால் முளை கருகும். கதிர் முற்றும்போது அடைமழை பிடித்தால் தானியம் உதிரும். இரண்டு ஆண்டுகளிலும் மொத்த மழை ஒன்றாகவே இருக்கலாம். காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்பது இயற்பியல். ஆகவே புவி வெப்பமடையும்போது பெய்யும் மழை கடுமையாகிறது. இடையில் வரும் வறட்சியும் மண்ணை விரைந்து உலர்த்துகிறது. 2015இல் வடகிழக்குப் பருவம் தமிழகத்தை வெள்ளத்தில் ஆழ்த்தியது. மறு ஆண்டே அப்பருவத்தில் வழக்கமான 440 மில்லிமீட்டருக்கு ஈடாக 168 மட்டுமே கிடைத்தது. 2017 சனவரியில் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

இத்தகைய தடுமாற்றத்துக்கு மலைமக்கள் கண்ட விடை, பல விதைகளை வைத்திருப்பது. சாமை ஒன்றிலேயே கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை எனப் பல வகைகள். சில விரைவில் முற்றும். பெருஞ்சாமையோ நெடுநாள் நிற்கும். மழை தாமதமானால் குறுகிய நாள் வகைக்கு மாறலாம். தினை, கேழ்வரகு, அவரை ஆகியவற்றைக் கலந்து விதைத்தால் ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது மழை மட்டுமன்று. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி மலையேறியது. அதைப் பயிரிட்டவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அது வறட்சியை ஓரளவு தாங்கும், கையில் பணமும் தரும். ஆனால் எட்டு, பத்து மாதம் நிலத்தைப் பிடித்துக்கொள்கிறது. செடி படரும்வரை சரிவு மண் மழைக்குத் திறந்து கிடக்கிறது. கிழங்கைத் தோண்டும்போது மீண்டும் கிளறப்படுகிறது. விலை ஆலையின் கையில். மழைக்கு ஏற்பப் பயிரை மாற்றும் உரிமைதான் இதில் கைவிட்டுப் போகிறது.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் சிறுதானிய விதைகளைக் காக்க உழைத்து, ஊர்களில் விதை வங்கிகள் அமையத் துணைநின்றது. அப்பணியில் வெளிப்பட்ட ஓர் உண்மை நம் கவனத்தை ஈர்க்கிறது. சாமை கைவிடப்பட்டதற்கு விளைச்சல் மட்டும் காரணமன்று. உமி நீக்க உரலில் இடிக்கும் பெண்களின் உழைப்பும் காரணம். நியாய விலைக் கடை அரிசி வந்தபின் அவ்வுழைப்பை யார் விரும்புவார்? ஆகவே விதையோடு உமி நீக்கும் இயந்திரமும் ஊருக்குள் கொண்டுவரப்பட்டது. விதையைப் பானையில் பூட்டி வைத்துப் பயனில்லை. சில ஆண்டுகளில் முளைப்புத் திறன் குன்றிவிடும். யாராவது ஒருவர் அதை மண்ணில் இட்டு, அறுத்து, புது விதையாகத் திருப்பித் தரவேண்டும். இயந்திரம் ஓடும் ஊரில்தான் அதற்கு ஆள் கிடைக்கிறார்.