பழைய வழியை விடும் திறமை: முன்மூளையின் இரசாயனம்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரி நெடுங்காலமாக மிளகு வாணிபத்திற்குப் பெயர் பெற்ற இடம். இந்திய மிளகு, வாசனைப் பொருள் வர்த்தகச் சங்கம் 1957-ஆம் ஆண்டில் அங்கு மிளகின் முன்பேர வாணிபத்தைத் தொடங்கியது. விலை ஏறுங்காலத்தில் சரக்கை இருப்பு வைப்பவர் இலாபம் அடைவார். விலை சரிந்த பின்னும் அவ்வாறே செய்பவர் முதலை இழப்பார். நேற்றுப் பயன் தந்த செய்கையை இன்று கைவிடும் இத்திறமை மூளையில் எங்ஙனம் அமைகிறது?

நெற்றி எலும்புக்குப் பின்னே உள்ள மூளைப்பகுதி முன்நெற்றிப் புறணி எனப்படும். 1963-இல் மான்ட்ரியால் நகரில் பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார், மூளையின் முன்பகுதியில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களிடம் சீட்டுகளைக் கொடுத்துப் பிரிக்கச் செய்தார். பிரிக்கும் விதி மாறியதும், பிழை என்று அறிவித்த பின்னரும், அவர்கள் பழைய விதியையே பற்றி நின்றனர்.

இப்பகுதியின் நரம்பணுக்கள் சில இரசாயனப் பொருள்களின் துணையால் இயங்குகின்றன. அவற்றுள் செரோட்டோனின் ஒன்று. 2004-இல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள், மார்மோசெட் குரங்குகளின் முன்நெற்றிப் புறணியில் இப்பொருளைக் குறைத்தனர். இரண்டு பொருள்களுள் எது பரிசு தரும் என்பதை அவை கற்றுக்கொண்டன. பரிசு மற்றதற்கு மாறியபோதோ, முன்னதையே மீண்டும் மீண்டும் நாடின.

மற்றொன்று டோபமைன். இது இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகாது. இதன் மூலப்பொருளான லெவோடோபா புகும். 1937-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த எம். தாமோதரனும் ஆர். இராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தனர். பிற்காலத்தில் இது பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாயிற்று.

இம்மருந்து ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்கு மாறும் ஆற்றலை உயர்த்துகிறது. ஆயின், பரிசு இடம் மாறியதை உணரும் ஆற்றலைக் குறைக்கிறது என்று 2001-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. முன்நெற்றிப் புறணியுடன் இணைந்த உட்பகுதிகளுள் சிலவற்றில் டோபமைன் பெரிதும் குறைந்திருக்கும். வேறு சிலவற்றில் ஏறக்குறையப் போதிய அளவு இருக்கும். முன்னவற்றுக்கு ஏற்ற அளவு பின்னவற்றுக்கு மிகையாகிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். குழம்பில் உப்பைப் போலக் குறைவும் குற்றம், மிகுதியும் குற்றம்.

எனவே, மருத்துவர் ஆலோசனையின்றிப் பூனைக்காலிப் பொடியை உட்கொள்ளுதல் தகாது என்பதைக் களப்பணியாளர்கள் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். பார்க்கின்சன் நோய் மருந்துகளை உட்கொள்வோருள் சிலருக்குச் சூதாட்டம், வரம்பற்ற செலவு ஆகிய பழக்கங்கள் புதிதாகத் தோன்றுவதுண்டு. அதை ஒழுக்கக்கேடு எனத் தூற்றாமலும், மருந்தைத் திடீரென நிறுத்தாமலும், மருத்துவரிடம் உடனே தெரிவித்தல் வேண்டும்.

ஆசிரியர்களும் ஒன்றைக் கருத வேண்டும். கடுமையான அச்சத்தில் டோபமைனும் நாரட்ரினலினும் அளவு மீறிச் சுரந்து முன்நெற்றிப் புறணியின் வேலையைத் தளர்த்துவது விலங்குப் பரிசோதனைகளில் காணப்பட்டுள்ளது. பிழையான முறையிலேயே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும் மாணவன் பிடிவாதக்காரனாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அவனை அதட்டினால் பழைய முறையை விடுவது அவனுக்கு மேலும் கடினமாகலாம். அச்சம் நீங்கிய பின் புதிய முறையைக் காட்டுவதே பயன் தரும்.