பிரிந்த நாடுகள் ஏன் மோதிக்கொள்கின்றன?

இந்தியா–பாகிஸ்தான் பதற்றம் என்று செய்தி வந்தாலே, 'மதச் சண்டை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டு வரும் நம் பிள்ளைகள் வீட்டில் விளக்கம் கேட்கிறார்கள். மதம் மட்டும்தான் காரணமென்றால், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த கிழக்கு பாகிஸ்தான் மீது 1971-ல் பாகிஸ்தான் ராணுவமே பாய்ந்தது எப்படி?

பாகம் பிரித்த விதத்தையும் பார்க்க வேண்டும். 1947 ஜூலையில் வந்த சிரில் ராட்கிளிஃப், ஐந்தே வாரத்தில் பஞ்சாபுக்கும் வங்காளத்துக்கும் கோடு போட்டார். காஷ்மீர் யாருக்கு என்பது முடிவாகவில்லை. அக்டோபரிலேயே அங்கு போர் மூண்டது. பஞ்சாபில் நிலம் பிரிந்தது, வாய்க்கால் பிரியவில்லை. மாதோபூர், ஃபெரோஸ்பூர் மதகுகள் இந்தியாவில். அவற்றை நம்பிய வயல்களில் பல பாகிஸ்தானில். 1948 ஏப்ரல் 1-ல் கிழக்குப் பஞ்சாப் அரசு தண்ணீரை நிறுத்தியது.

மேட்டூர் கால்வாயில் தண்ணீர் வருமா என்று காத்திருக்கும் சேலம், நாமக்கல் விவசாயிகளுக்கு இந்தத் தவிப்பு புரியும். காவிரிக்காக 1991-ல் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். ஆனாலும் இரு மாநிலங்களுக்கும் மேலே நடுவர் மன்றம் இருந்தது, உச்ச நீதிமன்றம் இருந்தது. 2018-ல் தமிழகத்துக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்பும் வந்தது. இரண்டு நாடுகளுக்கு மேலே அப்படிக் கட்டுப்படுத்தும் நீதிமன்றம் ஏது?

உலக வங்கி நடுவில் நின்று 1960-ல் சிந்து நதி ஒப்பந்தம் செய்துவைத்தது. 1965, 1971 போர்களிலும் அது முறியவில்லை. பஹல்காம் படுகொலைக்குப் பின், 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைத்தது.