காதுக்கு எட்டாத சத்தத்துக்கு ஒரு ஃபேன்... ‘ரோட்டரி வூஃபரை’ வீட்டிலேயே செய்ய முடியுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைக் கடந்து புதுச்சேரி நோக்கிப் போகிறீர்கள். அனுமந்தை சுங்கச்சாவடி தாண்டியதும் சாலை காலியாக இருக்கிறது. டிரைவர் வேகம் எடுக்கிறார். கடல் காற்று வாங்கலாமே என்று பின் சீட்டில் இருப்பவர் ஒரே ஒரு கண்ணாடியை மட்டும் இறக்குகிறார். அடுத்த நொடி காருக்குள் ‘தப்... தப்... தப்...’ என்று ஓர் அழுத்தம். சத்தம் என்றும் சொல்ல முடியாது, காற்று என்றும் சொல்ல முடியாது. காதை யாரோ உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுப்பதுபோல இருக்கும். “கண்ணாடியை ஏத்துப்பா” என்று எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள்.

காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று சத்தம் வருகிறது அல்லவா? அதேதான் இங்கும் நடக்கிறது. ஓடும் காரின் உள்ளறை ஒரு பெரிய பாட்டில். திறந்த ஜன்னல் அதன் வாய். பாட்டில் பெரிதாகப் பெரிதாகச் சத்தம் கீழே இறங்கும். காரில் அது நொடிக்கு ஏறக்குறைய 15 முதல் 20 அதிர்வு வரை இறங்கிவிடுகிறது. (எதிர்ப்பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால் உடனே அடங்கிவிடும். செய்து பாருங்கள்!)

மனிதக் காது நொடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை கேட்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். 20-க்குக் கீழே இருப்பதை ‘இன்ஃப்ராசவுண்ட்’, அதாவது குற்றொலி என்கிறார்கள். அந்த எல்லை கறாரான சுவர் கிடையாது. போதுமான பலத்தோடு வந்தால், 20-க்குக் கீழே உள்ள அதிர்வையும் காது உணரும். நெஞ்சும் வயிறும்கூட உணரும். காரில் தற்செயலாகக் கிடைக்கும் இந்த அனுபவத்தை வீட்டு ஹாலுக்குள் வேண்டுமென்றே கொண்டுவர ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் ரோட்டரி வூஃபர்.

ஸ்பீக்கர் எங்கே தோற்கிறது?

வீட்டில் இருக்கும் சப்-வூஃபர் எப்படி வேலை செய்கிறது? கூம்பு வடிவ அட்டை முன்னும் பின்னும் ஆடுகிறது. காற்றைத் தள்ளி இழுக்கிறது. இதில் ஒரு சிக்கல். திறந்தவெளியில், அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே அளவு சத்தம் கொடுக்க அந்தக் கூம்பு 4 மடங்கு தூரம் ஆட வேண்டும். 40 ஹெர்ட்ஸில் 5 மில்லிமீட்டர் ஆடினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். 20 ஹெர்ட்ஸுக்கு 20 மில்லிமீட்டர். 10 ஹெர்ட்ஸுக்கு 80 மில்லிமீட்டர். 5 ஹெர்ட்ஸுக்கு 320 மில்லிமீட்டர், அதாவது ஓர் அடிக்கும் மேல்! எந்த ஸ்பீக்கரும் அப்படி ஆடினால் கிழிந்துவிடும்.

நன்றாக மூடிய அறைக்குள் நிலைமை கொஞ்சம் மேல். அங்கே அறை முழுவதையும் சைக்கிள் பம்ப் போல அழுத்தினால் போதும். ஆனால், காற்று துளியும் கசியக் கூடாது. நம் ஊர் வீடுகளில் அது நடக்குமா? ஜன்னல், வென்டிலேட்டர், கதவுக்கு அடியில் இடுக்கு. கடற்கரையோர வீடுகள் காற்று வர வேண்டும் என்பதற்காகவே திறந்து கட்டப்பட்டவை. நாம் அழுத்தும் காற்று மெதுவாக அந்த இடுக்கு வழியே நழுவிவிடும். அதிர்வு எவ்வளவு மெதுவாகிறதோ, நழுவுவதற்கு அவ்வளவு நேரம் கிடைக்கும்.

டேபிள் ஃபேனுக்குள் ஒரு ஹெலிகாப்டர்

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம், டல்லஹாசியைச் சேர்ந்த புரூஸ் திக்பென். அங்கே ‘எமினென்ட் டெக்னாலஜி’ என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தை நடத்துபவர். கூம்பை ஆட்டுவதற்குப் பதிலாக ஃபேனைச் சுற்றவிட்டால் என்ன என்பது அவருடைய யோசனை. அப்படி வந்ததுதான் ‘டி.ஆர்.டபிள்யூ-17’ என்ற ரோட்டரி வூஃபர்.

டேபிள் ஃபேனின் இறக்கைகள் சாய்வாக இருப்பதால்தான் காற்று வருகிறது. அந்தச் சாய்வை எடுத்துவிட்டு, இறக்கைகளைத் தட்டையாக வைத்தால்? ஃபேன் சுற்றும், காற்று வராது. ஒரு பக்கம் லேசாகச் சாய்த்தால் காற்று முன்னால் போகும். மறுபக்கம் சாய்த்தால் பின்னால் போகும். ரோட்டரி வூஃபரில் மோட்டார் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் சிக்னல், ஸ்பீக்கரில் இருப்பது போன்ற ஒரு வாய்ஸ் காயில் மூலம் இறக்கைகளின் சாய்வை மட்டும் மாற்றுகிறது. சிக்னல் நொடிக்கு 5 முறை ஆடினால், இறக்கைகளும் 5 முறை இப்படியும் அப்படியும் திரும்பும். காற்றும் அதற்கேற்ப முன்னும் பின்னும் போகும். ஹெலிகாப்டர் மேலே எழும்பவும் கீழே இறங்கவும் இறக்கையின் சாய்வை மாற்றுவதும் இதே வித்தைதான்.

காற்றைத் தள்ளும் பலமான வேலையை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. ஆம்ப்ளிஃபயருக்கு இறக்கையைத் திருப்பும் வேலை மட்டும். அதனால்தான் இந்தக் கருவியால் 1 ஹெர்ட்ஸ் வரைகூட இறங்க முடிகிறது. ஆனால், 20, 30 ஹெர்ட்ஸுக்கு மேல் இது உதவாது. அங்கிருந்து வழக்கமான சப்-வூஃபர் கைகொடுக்க வேண்டும்.

இன்னொரு நிபந்தனை உண்டு. ஃபேனின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் சந்தித்துவிட்டால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சத்தம் காணாமல்போகும். எனவே, ஃபேனைச் சுவரில் பதித்து, பின்னால் ஒரு தனி அறையையே ஒதுக்க வேண்டும். அமெரிக்க வீடுகளில் கூரைக்கு அடியில் உள்ள பரணோ, நிலவறையோ அதற்குப் பயன்படும். நம் ஊரில்? ஹாலுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுச்சுவரில் ஒன்றரை அடிக்கு ஓட்டை போட வேண்டும். வாடகை வீடு என்றால் ஓனரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்!

வீட்டில் செய்வோர் கவனத்துக்கு...

பழைய ஃபேன் மோட்டார், ரிமோட்டில் பறக்கும் பொம்மை ஹெலிகாப்டரின் உதிரி பாகங்கள், பழுதான ஸ்பீக்கரின் காயில் ஆகியவற்றை வைத்து இதை வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆர்வலர்கள் வெளிநாடுகளில் உண்டு. செலவு குறைவு. ஆனால், ஆபத்து அப்படியல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 17 அங்குல விட்டமுள்ள ஃபேன் நிமிடத்துக்கு 800 முறை சுற்றினால், இறக்கையின் நுனி மணிக்கு சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ‘நம்ம வீட்டு சீலிங் ஃபேனும் கிட்டத்தட்ட அவ்வளவுதானே?’ என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், அது தலைக்கு மேலே, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதன் இறக்கை அசையாமல் இறுக்கப்பட்டிருக்கிறது. இதிலோ ஒவ்வோர் இறக்கையும் ஒரு கீலில் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். 100 கிராம் எடையுள்ள ஓர் இறக்கை, 800 சுற்று வேகத்தில் தன் கீலை ஏறக்குறைய 9 கிலோ எடைக்குச் சமமாக வெளியே இழுக்கும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் இழுவை 4 மடங்கு. 36 கிலோவைத் தாண்டும். ஒரு ஸ்க்ரூ விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உப்பளக் கரையில் கூடுதல் எதிரி ஒன்று: உப்புக் காற்று. அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். பேரிங், ஸ்க்ரூ, கீல் மூன்றும்தான் இந்தக் கருவியின் உயிர்நாடி. அவற்றைத்தான் உப்பு முதலில் பிடிக்கும். இரு பக்கமும் உறுதியான கம்பி வலை, துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ, கைக்கு எட்டும் இடத்தில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இல்லாமல் இதைச் சுற்றவிடவே கூடாது. மாணவர்கள் செய்வதாக இருந்தால் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில், ஆசிரியர் முன்னிலையில் செய்வதே நல்லது.

அப்படியே செய்து முடித்தாலும், எதைக் கேட்பது என்ற கேள்வி வரும். பியானோவின் ஆகத் தாழ்ந்த கட்டையே 27.5 ஹெர்ட்ஸ்தான். நம் சினிமாப் பாடல்களில் 20-க்குக் கீழே பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. சில ஆங்கிலப் படங்களின் வெடிச் சத்தத்திலும், இடிமுழக்கத்திலும், பெரிய தேவாலய ஆர்கனின் பதிவுகளிலும்தான் இதற்கு வேலை.

பேய் வந்த அறை

குற்றொலி கேட்டால் பேய் தெரியும், வயிறு கலங்கும் என்றெல்லாம் கதைகள் உலவுகின்றன. அவற்றில் ஒன்று உண்மைச் சம்பவத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரியைச் சேர்ந்த விக் டேண்டி என்ற பொறியாளர் வேலைபார்த்த ஆய்வுக்கூடத்தில் பலருக்கும் இனம்புரியாத நடுக்கம் வந்தது. ஒருநாள் இரவு, ஓரக்கண்ணில் ஒரு சாம்பல்நிற உருவம் தெரிந்ததாக அவரே சொன்னார். மறுநாள், இடுக்கியில் மாட்டிவைத்த வாள்வீச்சுப் போட்டிக் கத்தி தானாக அதிர்வதைப் பார்த்தார். ஆராய்ந்ததில், புதிதாகப் பொருத்திய எக்ஸாஸ்ட் ஃபேன் அறைக்குள் சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வை எழுப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. 1998-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். 19 ஹெர்ட்ஸ்தான் பேயைக் காட்டுகிறது என்பது இதனால் நிரூபணமாகிவிடவில்லை. ஆனால், யாரும் திட்டமிடாமலேயே ஒரு ஃபேன், அறைக்குள் குற்றொலியை உண்டாக்கும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

மீட்டருக்குத் தெரியாத சத்தம்

இது ஏதோ வெளிநாட்டு ஆடியோ பிரியர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. தீர்த்தவாரி, திருவிழா, கல்யாண ஊர்வலம் எல்லாவற்றிலும் இப்போது ஆள் உயரத்துக்கு வூஃபர் பெட்டிகள் அடுக்கப்படுகின்றன. பாட்டு என்னவென்றே புரியாத தூரத்திலும் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. எவர்சில்வர் பாத்திரம் கிணுகிணுக்கிறது. கைக்குழந்தை அழுகிறது. இதய நோயுள்ள பெரியவர் தூங்க முடியாமல் எழுந்து உட்கார்கிறார்.

இந்தியாவின் ஒலி மாசு விதிகள் (2000), குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பு வைத்திருக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 மணி வரை பொதுவாக ஒலிபெருக்கிக்குத் தடை. நல்ல விதிதான். ஆனால், இந்த டெசிபல் ‘ஏ’ என்ற அளவீட்டில் கணக்கிடப்படுகிறது. காதுக்கு எது நன்றாகக் கேட்குமோ அதற்கு முழு மதிப்பெண் கொடுத்து, தாழ்ந்த அதிர்வுகளுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கும் முறை இது. 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் கழிக்கப்படும். 31.5 ஹெர்ட்ஸில் 39. 16 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 57!

அதாவது, ஒரு வீட்டுக்குள் 16 ஹெர்ட்ஸில் 100 டெசிபல் அதிர்வு இருந்தாலும், மீட்டர் 43 என்றுதான் காட்டும். இரவு வரம்பான 45-க்குள் அது பாஸ்! ‘சி’ என்ற இன்னோர் அளவீட்டில் அதே சத்தம் 91-ஐத் தாண்டும். நல்ல சவுண்ட் மீட்டர்கள் பலவற்றில் இந்த இரண்டுமே இருக்கின்றன. ‘சி’ எண்ணுக்கும் ‘ஏ’ எண்ணுக்கும் இடையே 20-க்கு மேல் வித்தியாசம் வந்தால், அங்கே தாழ்ந்த அதிர்வு அதிகம் என்று புரிந்துகொள்ளலாம். புகார் கொடுக்கப் போகிறவர்கள் இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு போவது நல்லது.

யானை பேசும், கடலும் பேசும்

1984-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் மிருகக்காட்சி சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்ற கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர், காற்றில் ஒரு மெல்லிய துடிப்பை உணர்ந்தார். சிறுவயதில் தேவாலய ஆர்கனின் தாழ்ந்த சுரம் கொடுத்த அதே உணர்வு. பதிவுசெய்து பார்த்தபோது, யானைகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலான குரலில் பேசிக்கொள்வது தெரியவந்தது. நாம் கோயில் வாசலில் பார்க்கும் யானையும் இதே இனம்தான்.

கடலின் குரல் இன்னும் கீழே. நடுக்கடலில் எதிரெதிர் அலைகள் மோதும்போது சுமார் 0.2 ஹெர்ட்ஸில், 5 நொடிக்கு ஒரு துடிப்பாக, காற்றில் ஓர் அதிர்வு கிளம்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கிறது. 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தின்போது எழுந்த குற்றொலியை, இந்தியப் பெருங்கடலின் டீகோ கார்சியா தீவில் உள்ள கண்காணிப்பு நிலையம் பதிவுசெய்தது. மரக்காணம் கரையையும் தாக்கிய சுனாமியைக் கிளப்பிய அதே நிலநடுக்கம். 2022 ஜனவரி 15 அன்று டோங்கா எரிமலை வெடித்தபோது, சுமார் 12,000 கிலோமீட்டர் தாண்டி வந்த காற்றழுத்த அலை அன்றிரவு சென்னையின் கருவிகளிலும் தெரிந்தது.

டோங்கா அளவுக்குப் பெரிய அலையைப் பிடிக்க மலிவான வழி உண்டு. மொபைலில் இருப்பது போன்ற காற்றழுத்த சென்சார் சில்லுகள், ‘பி.எம்.பி 280’ போன்றவை, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஒரு சிறிய ஆர்டுயினோ போர்டுடன் இணைத்து, நொடிக்கொரு முறை அழுத்தத்தைப் பதிவுசெய்யவிட்டால் போதும். புயல் நெருங்கும்போது கோடு எப்படிச் சரிகிறது, வீட்டுக் கதவை அறைந்து சாத்தினால் எப்படித் துள்ளுகிறது என்பதெல்லாம் திரையில் தெரியும். சுற்றும் இறக்கை இல்லை, சுவரில் ஓட்டை இல்லை, பக்கத்து வீட்டுச் சண்டையும் இல்லை. உப்பளக் கரையில் இருக்கும் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான புராஜெக்ட் கிடைக்காது.

ரோட்டரி வூஃபரைத்தான் செய்வேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: முதலில் கம்பி வலையைச் செய்யுங்கள். ஃபேனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.